நூற்றைம்பது வருஷத்துப் பொடி

"மூச்சை அடக்கிக்குங்க சார்! தும்மினீங்கன்னா நூத்தம்பது வருஷம் பறந்து போயிடும்."

வக்கீல் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பழம்பொருள் கடைக்காரர் அந்த எழுத்துப் பெட்டியைத் திறந்து விரித்தார். மூடினால் கைப்பெட்டி, விரித்தால் பச்சைத் துணி ஒட்டிய சாய்வு மேசை. ஓரத்தில் பேனாவுக்கு ஒரு பள்ளம், கண்ணாடி மைப்புட்டி, பக்கத்தில் மூடி போட்ட ஒரு பித்தளைச் சிமிழ்.

"வெள்ளைக்கார அதிகாரிங்க குதிரையில ஊர் ஊராப் போவாங்கல்ல? இதை மடியில வச்சுக்கிட்டுத்தான் உத்தரவு எழுதுவாங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க, சொல்றேன்."

வக்கீல் போட்டார். கடைக்காரர் சிமிழைத் திறந்து, வெளிறிய பொடியை மையின் மேல் தூவி 'ஃபூ' என்று ஊதினார். வக்கீல் தன் கறுப்புக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மை ஒத்துற தாள் வராத காலம் சார். இதைத் தூவித்தான் காய வைப்பாங்க. பெட்டி எங்க வேணா கிடைக்கும். பொடியோட கிடைக்கிறது குதிரைக் கொம்பு!"

"பழைய பொடிதானா?" வக்கீலுக்குத் தொழில் புத்தி.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் வியாபாரிகள் உண்டு. இவர் நக்கிப் பார்ப்பவர். மரமோ பித்தளையோ, நாக்கில் வைத்தாலே வயசைச் சொல்லிவிடுவதாகப் பீற்றல் வேறு. பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார்.

"நூத்தம்பது. ஒரு வருஷம் குறைஞ்சாலும் கடையை இழுத்து மூடிடறேன்!"

அப்போது ஓர் அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். பெட்டியைக் கண்டதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"ஐயா, இது எங்க வீட்டுப் பெட்டி. மக வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என் பையன் உங்ககிட்ட வித்துட்டான்."

"வித்தது வித்ததுதாம்மா." கடைக்காரர் உஷாரானார். மதிப்புத் தெரிந்த பிறகு அழுதுகொண்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"பெட்டி உங்களுக்கே இருக்கட்டும். அந்தச் சிமிழை மட்டும் குடுத்துடுங்க."

"நல்லா இருக்கே! பொடி இல்லாட்டி பெட்டிக்கு என்னம்மா மதிப்பு?"

"அப்ப சிமிழும் வேணாம். உள்ள இருக்கறது போதும்." கைக்குட்டையை விரித்து நீட்டினார்.

வக்கீலுக்கு மனசு கேட்கவில்லை. "குடுத்துடுங்க. பொடி இல்லாமலே நான் வாங்கிக்கறேன்."

கடைக்காரர் வேண்டாவெறுப்பாகச் சிமிழைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. தட்டிப் பார்த்தார், அப்போதும் விழவில்லை.

"தீர்ந்து போச்சேம்மா. ஒரு வாரமா வர்றவங்க எல்லாருக்கும் தூவிக் காட்டினேன். இப்ப சாருக்குப் போட்டதுதான் கடைசி."

சிமிழுக்குள் விரலை விட்டுத் துழாவினார். நுனியில் துளி ஒட்டியது. பழக்கதோஷம், விரலை நாக்கில் வைத்தார்.

"ஐயோ!" என்று அலறினார் அந்த அம்மா.

"பதறாதீங்கம்மா, நூத்தம்பது வருஷத்துப் பொடி. ஒண்ணும் பண்ணாது."

"நூத்தம்பது வருஷமா?" அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவருக்கு இந்தப் பெட்டின்னா உசுருன்னு சாம்பல்ல ஒரு பிடி எடுத்து நான்தான் அதுல வச்சேன். என் வீட்டுக்காரரை எரிச்சு மூணு மாசம்தான்யா ஆகுது!"