பத்து நிமிட அறை

வீட்டில் இனி அடி, திட்டு, தண்டனை எதுவும் கிடையாது என்று மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். யார் கத்தினாலும் மாடி அறையில் பத்து நிமிடம் தனியாக இருந்து மனதை ஆற்றிக்கொண்டு வர வேண்டும். எட்டு வயது மகள்தான் அதை எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

முதல் வாரத்திலேயே அம்மா பதினோரு முறை மாடியேறினாள். செருப்பு கோணலாகக் கிடந்ததற்குக் கத்தினாள். நேராகக் கிடந்ததற்கும் கத்தினாள்.

நூலகரான அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், உங்கம்மாவுக்கு வேலை ஜாஸ்தி. நான் போய் ரெண்டு வார்த்தை ஆறுதலா பேசிட்டு வரேன்" என்று மேலே போனார்.

கதவு லேசாகத் திறந்திருந்தது. மனைவி கட்டிலில் கால்மேல் கால் போட்டு, பிஸ்கட் கொறித்தபடி நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு நிம்மதியை அவள் முகத்தில் அவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

பூனைபோல் இறங்கி வந்தார். இருபது வருடமாக 'உஷ்' என்பதற்கு மேல் குரல் எழுப்பியறியாத மனிதர், ஃப்ரிட்ஜைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினார்.

மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சும்மா தொண்டையைக் கெடுத்துக்காதீங்கப்பா. அம்மா இறங்கினதும் நான் கத்தப் போறேன். உங்க முறை அதுக்கு அப்புறம்தான்."