இடது மணிக்கட்டு

எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற எதிரணிப் பயிற்சியாளர் எதற்காகச் சிரித்தார் என்று எனக்குத் தெரியும்.

வயிற்றெரிச்சல். வேறென்ன?

பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டி. எட்டு நாட்டு அணிகள் வந்திருக்கின்றன. நாலு ஆட்டங்களில் என் மகள் ஒரு கோல்கூட உள்ளே விடவில்லை. நேற்று தோற்ற கையோடு இந்த மனிதர் மனு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தக் கோல்கீப்பருக்கு வயது கூடுதலாக இருக்கும், மணிக்கட்டைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று.

வளர்த்தியைப் பார்த்து வயது சொல்கிறார்களாம். எங்கள் வீட்டில் எல்லோருமே வளர்த்திதான்.

எலும்பு முற்றியிருந்தால் அவள் மட்டுமல்ல, பதினெட்டுப் பிள்ளைகளும் மூட்டை கட்ட வேண்டும். நாளை இறுதி ஆட்டம்.

பெற்றோரில் ஒருவர் உடன் வரலாம் என்றார்கள். விடுவேனா? முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தேன்.

படம் எடுக்கும் பெண்ணையும் எனக்குப் பிடிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் போட்டோவைப் பார்த்தாள். இவளை யார் சரிக்கட்டி வைத்திருக்கிறார்களோ.

பிறந்த தேதியைக் கேட்டாள். மகள் என்னைப் பார்த்துவிட்டு, ஒப்பிப்பதுபோல் சொன்னாள். காலையிலிருந்து நாலு முறை சொல்ல வைத்திருந்தேன். பயத்தில் பிள்ளை உளறினால் அதையும் எழுதிக்கொள்வார்களே!

பிறகு அந்தப் பெண் மகளின் இடது கையைத் தட்டின் மேல் விரித்து வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மணிக்கட்டைப் படம் எடுப்பவளுக்கு விரல்களில் என்ன வேலை?

திரையில் எலும்புகள் வந்தன.

"சின்ன வயசு எலும்புதாம்மா. சந்தேகமே இல்ல."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வாசலில் நிற்கிற மூஞ்சியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் பரபரத்தது.

அவள் அறிக்கையில் கையெழுத்துப் போடப் போனாள். பேனாவை வைத்துவிட்டாள். மேசையில் கிடந்த பிளாஸ்திரி உருளையை எடுத்தாள்.

"கோல்கீப்பர்தானே நீ? இந்தா, புடி!"

மெதுவாகத்தான் எறிந்தாள். நானே பிடித்திருப்பேன்.

மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் சுருண்டாள். உருளை அவள் தோளில் பட்டு விழுந்து, தரையில் உருண்டு, என் காலடியில் வந்து நின்றது.

குனிந்து எடுத்தேன். நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பெரியவளையே கூட்டி வந்திருந்தால் பாய்ந்து பிடித்திருப்பாள். சின்னவளுக்குப் பந்து என்றாலே பயம்.