சுவர்

கறிக்கடைச் சடையாண்டி நீர்க்கட்டி உள்ள ஆட்டு ஈரலை விற்கமாட்டார். தன் நாய் கருப்பிக்குப் போட்டுவிடுவார். இப்போது ஸ்கேனில் அவர் ஈரலிலேயே அந்தக் கட்டி தெரிந்தது.

"அந்த ஈரலைத் தின்ன நாய்கிட்டேருந்து வந்த புழுதாங்க. பல வருஷமா உள்ள இருக்கு," என்றார் டாக்டரம்மா.

"ஒரு காய்ச்சல்கூட வரலியேம்மா! படத்துல கட்டியைச் சுத்தித் தெரியிற சுவரு அந்தப் புழு கட்டினதா?"

"வெளிச்சுவரு உங்க உடம்பு கட்டினது. புழுவை அடைச்சுவைக்கத்தான் கட்டுச்சு. அதுக்குள்ள அது பத்திரமா வளர்ந்திருச்சு."

அவர் வெளியே வந்ததும், வாசலில் காத்திருந்த கருப்பி ஓடிவந்து கையை நக்கியது. அதை அதட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மறுகையால் ஈரல் இருக்கும் வலது விலாவை அமுக்கி, தன் உடம்பிடம் சொன்னார்.

"இது வாயில்லா ஜீவன். நீ என்கூடவே இருந்து தின்னுட்டு, புழுவுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கியே!"

விலாவுக்குள்ளிருந்து சின்ன வலிகூடப் பதிலாக வரவில்லை.