கால்வாய் தாண்டும் எலி

“அண்ணே, நாப்பதாம் நம்பர் மறுபடியும் கால்வாயைத் தாண்டிருச்சு!”

பெட்டிப் பொறியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார் எலி சார். வயலில் எத்தனை எலி இருக்கிறதென்று கணக்கெடுக்க வந்த ஆராய்ச்சிக்காரர் அவர். எலியை உயிரோடு பிடிப்பார், எடை போடுவார், காதில் நம்பர் தகடு மாட்டுவார், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார். மறுபடி எது, எங்கே சிக்குகிறது என்று நோட்டில் எழுதுவார். நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை.

“நேத்து அந்தக் கரை, இன்னைக்கு இந்தக் கரை. கில்லாடிதான் சார்!” என்றார் வயல்காரர், ஒன்றுமே தெரியாதவர்போல.

கில்லாடி யார் என்பது அவருக்குத்தான் தெரியும். வேர்க்கடலை ருசி கண்ட நாற்பது, எந்தக் கரையில் விட்டாலும் விடிவதற்குள் அங்கேயுள்ள பொறியில் வந்து விழுந்துவிடும். எலி சார் வருவதற்குள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் வைத்துவிடுவார் வயல்காரர்.

“புதுசா எதுவும் இல்லேன்னா இந்த வாரத்தோட முடிச்சுக்குவோம்ணே” என்று போன மாதம் எலி சார் சொன்ன நாளில் ஆரம்பித்த திருட்டு வேலை இது. மனைவி இறந்த பிறகு ரேடியோவுக்குப் பதில் சொல்லிப் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தவர் வயல்காரர். தினம் ஒரு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்து பேச ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார். விட்டுவிட மனம் வருமா?

“இன்னும் ரெண்டு வாரமாவது பாக்கணும்ணே.”

“தாராளமா பாருங்க சார். வேணாம்னா சொல்றேன்?”

“அடுத்த மாசம் பெரிய கூட்டம் ஒண்ணு இருக்கு. இந்த எலியைப் பத்தி நானே மேடையேறிப் பேசலாம்னு இருக்கேன்.”

வயல்காரருக்குத் திக்கென்றது. பேசத் துணை வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் முட்டாளாக்குவதா? உண்மையைச் சொன்னால் நாளை முதல் எலி சார் வரமாட்டார். சொல்லாவிட்டால் அவர் மானம் போய்விடும்.

கடைசியில், பொறியில் ஒட்டியிருந்த ஆபீஸ் நம்பருக்கு வயல்காரரே போன் போட்டார்.

“தப்பு என்னோடதுங்க. கால்வாய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எலியைத் தூக்கிட்டுப் போய் வெச்சது நான்தான். சாரை ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவருக்கு எதுவுமே தெரியாது.”

“எந்த சார்?”

அடையாளம் சொன்னார்.

“அந்த ஆராய்ச்சி போன மாசமே முடிஞ்சு, அவரும் ரிட்டயர் ஆயிட்டாரே ஐயா! அவர் ஒத்தையா குடியிருக்கற வீட்டுல எலித்தொல்லைன்னு சொல்லி, பழைய பொறியையெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போனாரு.”