டீச்சருக்குக் கொடுத்த விதை

குழிக்குள் விரலை விட்டு நோண்டினார் கொத்தனார். "எலி இல்ல. எலியா இருந்தா தோலாவது கெடக்கும். இது யாரோ ஆகாதவன் செஞ்ச வேலை."

பின்வாசல் படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "போன தடவை பூனைன்னீங்க."

விரலோடு வந்தது கூழாகிப்போன ஒரு பட்டாணி. முளையுமில்லை, வேருமில்லை. ஏழு ஏழு விதையாக மூன்று தடவை நட்டாயிற்று. டப்பாவில் இனி ஒன்றுகூட மிச்சமில்லை.

கடையில் வாங்கிய விதை என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பார். இது அவருடைய அம்மா வைத்திருந்த கொடிப் பட்டாணி. ஆள் உயரத்துக்கு மேல் ஏறும், ஊதாவாகப் பூக்கும், எந்தக் கடையிலும் கிடைக்காது. நாற்பது வருடமாக ஒருத்தருக்கும் ஒரு மணி கொடுத்ததில்லை. கொடுத்தால் நாளைக்கே தன் வீட்டு விதை என்று சொல்லிக்கொள்வான். மனுஷப் புத்தி அவருக்குத் தெரியாதா?

இந்த வருடம்தான் முதல்முறையாகக் கொடுக்கக் கை நீண்டது. கேட்டது பக்கத்து வீட்டு டீச்சர். மனைவி வழுக்கி விழுந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே இருந்தவள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்ததில் பாதியை, இருபத்தொரு விதையை, பொட்டலம் கட்டி மனைவியிடமே கொடுத்தனுப்பினார்.

"இந்த முட்டி இனிமே மடங்காது," என்று சுவரைப் பிடித்து எழுந்தார். "அம்மா காப்பாத்திக் குடுத்தது. நான் போறதுக்கு முன்னாடி அது போயிடுச்சு."

மனைவி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் கூப்பிட்டாள். "ஐயா, கொஞ்சம் இப்படி எட்டிப் பாருங்களேன்."

பார்த்தார். கயிற்றைப் பிடித்து ஏறிய கொடிகள் ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தன. உச்சிவரை ஊதாப் பூ. நடுநடுவே பிஞ்சு.

"நீங்க குடுத்ததுல ஒண்ணுகூட வீணாகல. இருபத்தொண்ணும் வந்துடுச்சு. உங்க கைராசி," என்றாள்.

"ம்," என்றார். தட்டுத்தடுமாறி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது எப்படி முளைச்சுது?" என்றார் மெதுவாக.

"ஏன், முளைக்கக் கூடாதா?"

கையிலிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு, சொன்னால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார். "நீ குளிக்கப் போனப்ப வாணலில போட்டுச் சூடு காட்டித்தான் பொட்டலம் கட்டினேன். சின்னத் தீயில, நெறம் மாறாம, பாத்தா எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. வறுத்த விதை எங்கயாவது முளைக்குமா?"

"குளிக்கிற இடம் வரைக்கும் வாசனை வந்துச்சு," என்று கத்தியைக் கீழே வைத்தாள் மனைவி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாக இருக்கலாம்.

"முளைக்காதுங்க. அதைத்தானே நீங்க மூணு தடவை நட்டீங்க."