கருகிய மஃபின்

ஒக்டோபர் மழையில் நனைந்து நோர்பரி வீட்டுக்குள் நுழைந்த யனுஷன், புகையைக் கண்டு சமையலறைக்கு ஓடினான். மனைவி சிவரூபினி பூசணிக்காய் மஃபின் தட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். பன்னிரண்டும் கரி.

"பரவாயில்லையப்பா, திரும்பச் சுடலாம்."

அவன் யன்னலைத் திறக்கப் போனான்.

"திறக்காதேங்கோ."

தட்டை வாங்கிக் குப்பையில் கொட்டப் போனான். அவள் பறித்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன நடந்தது உமக்கு?"

"மேல்மாடியில துணி மடிச்சுக்கொண்டு நிண்டனான். கருகின மணம் வந்துதான் ஓடி வந்தனான்."

யனுஷன் அப்படியே நின்றுவிட்டான். கொவிட் வந்துபோன பிறகு, நாலு வருடமாக அவளுக்கு எந்த மணமும் தெரிந்ததில்லை.

"கண்ணை மூடும்," என்று மஃபினுக்குப் போட்ட வாசனைத்தூள் போத்தல் ஒன்றைத் திறந்து அவள் மூக்கருகே பிடித்தான்.

"கறுவா," என்றாள் அவள்.