மாப்பிள்ளையின் டார்ச்

மகளின் வலது உள்ளங்கையில் கட்டு. இடது கையில் டார்ச்.

"சூடு பட்டுடுச்சுப்பா," என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

டார்ச் செய்பவர் நம்பவில்லை. அந்த வீட்டில் ராத்திரியானால் அடிதடிச் சத்தம் கேட்கிறது என்று போன மாதமே ஒருவர் அவர் காதில் போட்டிருந்தார். மருமகன் உள்ளே வராமல் கடை வாசலிலேயே நின்றான். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான்.

கிடங்குக் காவலுக்குப் போகிற மாப்பிள்ளைக்கென்று அவரே அலுமினியத்தைக் கடைந்து செய்து கொடுத்த டார்ச் அது. தலையைத் திருகிக் கழற்றினார். பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தை அளந்து விடுகிற டிரைவர் செத்துப்போயிருந்தது. காசளவுப் பலகை, அதன் மேலிருந்த கம்பிச்சுருள் பெயர்ந்து தொங்கியது.

"வேற டிரைவர்தான் போடணும். ரெண்டு இருக்கு." மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது பழசு மாதிரியேதான். பட்டப்பகலாட்டம் அடிக்கும். ஆனா ஒரு நிமிஷத்துல தலைப்பக்கம் கை வைக்க முடியாது. அந்த இன்னொண்ணு சூடு ஏறினா தானே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். மாப்பிள்ளை, உங்களுக்கு எது?"

"அவளையே கேளுங்க மாமா." மருமகன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் மகள்.

"எப்படிம்மா உடைஞ்சது?"

"மாடிப்படியில உருண்டுடுச்சு."

உருண்ட டார்ச்சுக்கு இரண்டு முனையும் அடிபட்டிருக்கும். இதன் தலையில் ஒரு கீறல் இல்லை. பின்மூடி மட்டும் மூன்று இடத்தில் நசுங்கி, அதன் வரிகளுக்குள் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு பின்முனையால் ஓங்கி அடித்தால்தான் இப்படி ஆகும். அடியைத் தடுக்கக் கையை நீட்டியிருக்கிறாள் என் பெண்.

தாயில்லாப் பிள்ளை. கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்துவிட்டோமே.

ஸ்பேனரை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. மருமகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தார். "எம்பொண்ணு மேல கை வைப்பியாடா?" முதல் அடி தோளில் இறங்கியது. அடுத்தது முட்டியில். மருமகன் மடங்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் மேசை விளிம்பு அவன் உதட்டைக் கிழித்தது.

அவரைவிட ஒரு முழம் உயரம், காவல்காரன். திருப்பி ஒரு விரலைக்கூட ஓங்கவில்லை. அடி விழுமுன்பே தலையை முழங்கைகளுக்குள் புதைத்துச் சுருண்டுகொண்டான்.

"எத்தனை நாளா நடக்குதுடா இது?"

"கல்யாணமானதுலேருந்தே, மாமா."

அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. மறுபடி ஓங்கினார். அவன் மணிக்கட்டில் ஏதோ மளுக்கென்றது. அவன் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். வாயிலிருந்து வழிந்த ரத்தம் சிமென்ட் தரையில் அவர் செருப்பு வரை வந்து நின்றது.

மூச்சிரைக்க நிமிர்ந்தார். "இனி உனக்கு அந்த வீடு வேண்டாம்மா. என்கூடவே இருந்துடு. இவனை நான் பார்த்துக்கறேன்."

மகள் அழவில்லை. கீழே கிடந்தவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேசையிலிருந்த இரண்டாவது டிரைவரை ஒரு விரலால் அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"சூடாகாததையே போடுங்கப்பா. அவரை நாலு அடி அடிக்கறதுக்குள்ள கை வெந்துடுது."